அணைய மறுத்த எஞ்சின்: ஒரு பழைய 240டி-யின் செலவும் சுகமும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1982 மாடல் மெர்சிடிஸ்-பென்ஸ் 240டி. டபிள்யூ123 தொடரைச் சேர்ந்தது. 1976 தொடக்கத்தில் அறிமுகமான இந்தத் தொடர் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் தயாரானது. செடான், கூபே, எஸ்டேட் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. நம் வண்டி செடான். 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல், 72 குதிரைத்திறன், நான்கு கியர் மேனுவல். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட 20 நொடிக்கு மேல் பிடிக்கும். அவசரக்காரர்கள் இதன் பக்கம் வரவே வேண்டாம்.

உரிமையாளர் பணி ஓய்வு பெற்ற கணக்காளர். வண்டியை வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பில்லையும் ஒரு நோட்டில் ஏற்றி வருகிறார். அந்த நோட்டில் மூன்று பத்திகள்: ஓட்டம், வயது, ஆசை. ஓடியதால் தேய்ந்தது முதல் பத்தி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தால் கெட்டது இரண்டாவது. கெடவே இல்லை, ஆனாலும் மாற்றினேன் என்பது மூன்றாவது. டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் தனிக்கணக்கு. பழைய கார் வைத்திருப்பவர்களில் இவ்வளவு நேர்மையாகப் பிரித்து எழுதுகிறவர் அரிது. பெரும்பாலானோர் பில்லைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. தொகைகளை இங்கே சொல்லப் போவதில்லை, அவை நாட்டுக்கு நாடு மாறும். எந்தப் பத்தி பெருத்தது, ஏன் பெருத்தது என்பதுதான் இந்த ஆய்வு.

வாங்கும்போது எதற்குப் பயந்தார்கள்

எஞ்சினுக்கு. எல்லோரும் எஞ்சினுக்குத்தான் பயப்படுகிறார்கள். வண்டி சில ஆண்டுகள் ஒரு ஷெட்டில் சும்மா நின்றிருந்தது. கிலோமீட்டர் காட்டும் மீட்டரும் நின்றுபோயிருந்தது. இந்தத் தொடரில் இது சர்வசாதாரணம். மீட்டருக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரம் தன் அச்சில் வழுக்க ஆரம்பித்துவிடும், வேகமானி மட்டும் வேலை செய்யும். ஆக, வண்டி உண்மையில் எவ்வளவு ஓடியது என்பது யாருக்கும் தெரியாது.

பார்க்கப் போன மெக்கானிக், உரிமையாளர் 'மாஸ்டர்' என்று அழைப்பவர், இந்த எஞ்சின்களிலேயே ஆயுளைக் கழித்தவர். எஞ்சினைச் சூடாக்காமல் வைத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். குளிர்ந்த எஞ்சின் ஒரே செல்ஃபில் பிடித்தது. பிறகு எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே வாயின் மேல் கவிழ்த்துச் சும்மா வைத்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கீழிருந்து வரும் காற்று அந்த மூடியைத் தூக்கி ஆட்டும், மோசமாக இருந்தால் எறிந்தே விடும். இங்கே மூடி லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். "எஞ்சின் நல்லா இருக்கு சார்" என்றார் மாஸ்டர். பேரம் முடிந்தது.

அந்தத் தீர்ப்பில் தவறில்லை. இந்த டீசல் எஞ்சின்களின் ஆயுள் உலகப் பிரசித்தம். இதற்கு முந்தைய டபிள்யூ115 தொடரின் 240டி ஒன்றை கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவர் 46 லட்சம் கி.மீ. ஓட்டி, 2004இல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். வழியில் எஞ்சின்களை மாற்றிக்கொண்டேதான் அவ்வளவு தூரம் போனார் என்பதை ரசிகர்கள் சொல்லும்போது விட்டுவிடுவார்கள். இருந்தாலும் கதையில் உப்பு இருக்கிறது: ஆயில் மாற்றி, டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்த்து வந்தால் இந்த எஞ்சின் உரிமையாளரைக் கைவிடாது.

எஞ்சினைப் பார்த்த கண்கள் எதைப் பார்க்கவில்லை என்பது போகப்போகத் தெரிந்தது.

புகார்

வாங்கிச் சில மாதங்களில் ஒரு விசித்திரம். சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எஞ்சின் ஓடியது. முதலில் ஓரிரு நொடி. பிறகு கீழே இறங்கிக் கதவைச் சாத்தும் வரை. பிறகு ஒருநாள் நிற்கவே இல்லை. சாவி சட்டைப்பையில், எஞ்சின் தன் பாட்டுக்கு டக்டக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேலே இருக்கும் 'ஸ்டாப்' லீவரைக் கையால் அழுத்தி நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த லீவர் வைக்கப்பட்டிருப்பதே இதற்காகத்தான். வண்டியை வடிவமைத்தவர்களுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்திருக்கிறது.

பெட்ரோல் கார் மட்டுமே ஓட்டியவர்களுக்கு இது பேய்க்கதை மாதிரி இருக்கும். பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். சாவியைத் திருப்பினால் மின்சாரம் போகும், எஞ்சின் நிற்கும். அந்தக் காலத்து டீசல் எஞ்சினுக்கு அந்தத் தேவை கிடையாது. இஞ்செக்‌ஷன் பம்ப் முழுக்க முழுக்க இயந்திர வேலை. க்ளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக்) சூடாகவும் செல்ஃப் சுற்றவும்தான் பேட்டரி. ஒருமுறை ஓட ஆரம்பித்தால் எஞ்சின் மின்சாரத்தைக் கேட்காது. நிறுத்த வேண்டுமானால் டீசலைத்தான் அடைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது வேக்யூம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். எஞ்சினின் முன்பக்கம் ஒரு வேக்யூம் பம்ப் இருக்கிறது. சாவியை அணைக்கும் நிலைக்குத் திருப்பும்போது, சாவிப் பூட்டின் பின்னால் உள்ள வால்வு திறந்து, பழுப்பு நிறக் குழாய் வழியாக வேக்யூம் போய், இஞ்செக்‌ஷன் பம்பின் பின்னால் உள்ள டயாஃப்ரத்தை, அதாவது ரப்பர் சவ்வை, இழுக்கும். டீசல் நிற்கும்.

வம்பு என்னவென்றால், அந்த வேக்யூம் இதற்கு மட்டும் பயன்படுவதில்லை. பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு அதுதான். சென்ட்ரல் லாக்கிங்குக்கும் அதுதான்: ஓட்டுநர் கதவு தவிர மற்ற மூன்று கதவுகள், டிக்கி, டீசல் ஊற்றும் மூடி எல்லாவற்றிலும் ஒரு சின்ன டயாஃப்ரம், எல்லாம் மெல்லிய குழாய்களால் கோத்தது. ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பல வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் குழாயை மூடாமல் விட்டுவிட்டால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது இல்லையா, அதே கதை.

தேடல்

மாஸ்டர் வெளியூர் போயிருந்ததால், வண்டி முதலில் வேறு ஒரு பட்டறைக்குப் போனது. வேக்யூம் குறைகிறது என்று அவர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆகவே பம்ப் போச்சு என்று முடிவு செய்து, புதுப் பம்ப் போட்டார்கள். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் பழைய குருடி, கதவைத் திறடி.

உரிமையாளரின் கணக்குப் புத்தி இந்த இடத்தில்தான் உதவியது. எந்தெந்த நாள் எஞ்சின் உடனே அணைந்தது, எந்தெந்த நாள் ஓடியது என்று அவர் குறித்து வைத்திருந்தார். கதவுகளை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு ஓட்டிய நாட்களில் எஞ்சின் சமர்த்தாக நின்றது. பூட்டாமல் ஓட்டிய நாட்களில்தான் அடம். மாஸ்டர் திரும்பி வந்ததும் அந்தத் தாளைக் காட்டினார். மாஸ்டர் ஒரு நிமிடம் பார்த்தார். "சார், எஞ்சினை விடுங்க. கதவைக் கழட்டுவோம்."

ஆனாலும் நேரே கதவுக்குப் போகவில்லை. வரிசையாகச் சோதித்தார். நல்ல மெக்கானிக்குக்கும் பாகம் மாற்றுகிறவருக்கும் உள்ள தூரம் அதில்தான் தெரியும். முதலில் பழுப்புக் குழாயைக் கழற்றி, கையால் இயக்கும் வேக்யூம் பம்பை நேரே அணைக்கும் டயாஃப்ரத்தில் மாட்டி இரண்டு அழுத்து அழுத்தினார். எஞ்சின் பட்டென்று நின்றது. ஆக, அணைக்கும் டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது. குழாய்க்குள் ஆயில் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். அந்த டயாஃப்ரம் கிழிந்தால் எஞ்சின் ஆயில் வேக்யூம் குழாய்களுக்குள் ஏறி, கதவு வரை போய் எல்லா ரப்பரையும் ஊறவைத்துவிடும். அடுத்து பம்பின் வாயிலேயே வேக்யூம் அளக்கும் கேஜை வைத்தார். ஐட்லிங்கில் பாதரச அளவில் 20 அங்குலத்துக்கு மேல் காட்டியது. பம்ப் நல்ல பம்ப். (பழைய பம்பும் நல்ல பம்பாகத்தான் இருந்திருக்கும். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.) கடைசியாக, கதவுகளுக்குப் பிரியும் கிளைக் குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு சின்ன மரக்குச்சியைச் சீவி அடைத்தார். சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் நின்றது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி நிறுத்தம். மூன்று முறையும் உடனே.

இனி எந்தக் கதவு என்பதுதான் கேள்வி. இந்த அமைப்பில் பூட்டுவதற்கு ஒரு குழாய், திறப்பதற்கு ஒரு குழாய். ஒவ்வொரு டயாஃப்ரத்துக்கும் இரண்டு அறைகள். திறக்கும் பக்கத்து அறையில் ஓட்டை இருந்தால், கதவு திறந்த நிலையில் இருக்கும்வரை வேக்யூம் ஒழுகிக்கொண்டே இருக்கும். பூட்டினால் அந்தக் குழாய்க்கு வேக்யூம் போகாது, ஒழுக்கும் தெரியாது. உரிமையாளரின் தாளில் இருந்த ரகசியம் இதுதான். ஒவ்வொரு கதவாகக் கைப்பம்பை மாட்டிப் பார்த்ததில் இடது பின்கதவில் கேஜின் முள் விழுந்தது.

அந்தக் கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். கைப்பிடி ஸ்க்ரூ, கண்ணாடி சுற்றும் கைப்பிடி, பிறகு பலகையை மேலே தூக்கி எடுக்க வேண்டும். உள்ளே ஈரத்தைத் தடுக்க ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் பாதி கிழிந்து தொங்கியது. டயாஃப்ரம் உள்ளங்கையில் அடங்கும் சின்னக் குப்பி. மாஸ்டர் அதன் கம்பியை இழுத்து, மேலே மூடியிருந்த ரப்பர் உறையை விரலால் விரித்துக் காட்டினார். மடிப்பில் நகக்கீறல் போல ஒரு பிளவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. இதற்காக ஒரு புதுப் பம்ப், இரண்டு பட்டறை.

கதவின் அடியில் இன்னொன்றும் கிடைத்தது. கண்ணாடியை வெளிப்பக்கம் துடைக்கும் ரப்பர் பட்டை விறைத்துப் போய், மழைநீர் கதவுக்குள் இறங்கியிருக்கிறது. இறங்கினால் கீழே உள்ள வடிகால் துளை வழியாக வெளியேற வேண்டும். துளை மண்ணால் அடைந்திருந்தது. கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் பொரித்திருந்ததை இதுவரை 'சின்ன டச்சப்' என்று ஒதுக்கியிருந்தார்கள். உள்ளிருந்து வந்த துருவுக்கு வெளியே டச்சப் செய்து ஒரு பயனும் இல்லை.

வில்லன் ரப்பர்

நோட்டில் வயது என்ற பத்தியை வரிசையாகப் படித்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பிரேக் ஹோஸ்: வெளியே பார்க்க நன்றாக இருந்தது, உள்ளே வீங்கி வழியை அடைத்துவிட்டது, மிதிக்கும்போது ஆயில் போகிறது, விடும்போது திரும்பவில்லை, ஒரு சக்கரம் மட்டும் தொட முடியாத சூடு. ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் ரப்பர் டிஸ்க்குகள், எஞ்சின் மவுன்ட், பின் ஆக்ஸில் மவுன்ட், சஸ்பென்ஷன் புஷ். இஞ்செக்டர்களுக்கு நடுவே ஓடும் துணி சுற்றிய மெல்லிய டீசல் ஹோஸ். டயர்: பட்டன் முழுதாக இருந்தது, ஓரத்துக் குறியில் மூன்றே இலக்கம். 2000க்குப் பிறகு வந்த டயரில் வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும். மூன்று இலக்கம் என்றால் போன நூற்றாண்டு. அதில் ஓட்டித்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்!

இரும்புக்குக் கிலோமீட்டர்தான் கணக்கு, ரப்பருக்குக் காலண்டர். குறைந்த ஓட்டம் என்பதைப் பழைய கார் விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், வாங்குபவர்களும் மயங்குவார்கள். நாற்பது வயது ரப்பருக்கு வண்டி குறைவாக ஓடியது ஆறுதலே இல்லை. தொடர்ந்து ஓடிய வண்டியில் இவை அவ்வப்போது மாற்றப்பட்டிருக்கும். நின்ற வண்டியில் எல்லாம் ஒரே சமயத்தில் காலாவதியாகி, வாங்கியவர் தலையில் மொத்தமாக விழும். நான் ஒருவருக்கு யோசனை சொல்வதாக இருந்தால், ஷெட்டில் நின்ற குறைந்த ஓட்ட வண்டியைவிட, பில்லோடு ஓடிய வண்டியைத்தான் வாங்கச் சொல்வேன்.

இதில் இன்னொரு பொறி. இந்தத் தொடருக்குப் பாகங்கள் கிடைப்பது சுலபம். இவ்வளவு வண்டிகள் வெளிவந்ததும், உலகம் முழுக்க டாக்சியாக ஓடியதும் காரணம். நிறுவனமே பழைய வண்டிகளுக்கென்று 1993இல் ஜெர்மனியின் ஃபெல்பாக் நகரில் தனி மையம் திறந்தது. மலிவான மாற்றுப் பாகங்களும் குவிந்து கிடக்கின்றன. இரும்புப் பாகத்தைப் பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போடலாம், தவறில்லை. ரப்பரை அப்படிப் போடக் கூடாது. அதைவிட ஏமாற்றம், பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் ரப்பர். அது அலமாரியில் இருந்தபடியே வண்டிக்குச் சமமாக வயதாகியிருக்கும். நம் உரிமையாளர் அப்படி ஒரு ஜோடி மவுன்ட் வாங்கிப் போட்டு, அடுத்த ஆண்டே மறுபடி மாற்றினார். நோட்டில் அதற்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது.

கம்பளத்துக்கு அடியில்

மொத்தச் செலவில் மிகப் பெரிய ஒற்றை வரி டிங்கரிங். அதற்கும் மூலம் ரப்பர்தான். முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் கீழ் மூலைகளில் சுருங்கியிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் தொட்டியின் வடிகாலில் மக்கிய இலை. இரண்டிலும் இறங்கிய தண்ணீர் முன் தரைக்கு வந்திருக்கிறது. இந்த வண்டியின் கம்பளத்துக்கு அடியில் சத்தத்தை அடக்க ஒரு தடித்த மெத்தை உண்டு. மேலே கம்பளம் தொட்டால் காய்ந்திருக்கும். அடியில் மெத்தை மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கம்பளத்தைத் தூக்கியபோது ஓட்டுநர் பக்கத்துத் தரையில் ஸ்க்ரூ டிரைவர் சுலபமாக இறங்கியது.

துருவுக்கு வேறு வைத்தியம் கிடையாது. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே பட்டி போட்டு மூடுவது விற்கப் போகிறவர் செய்யும் வேலை. வெல்டிங் ஆரம்பித்தால் வேலை பெருகும்: தரையை வெட்டும்போது ஜாக்கி வைக்கும் இடம் போயிருப்பது தெரிந்தது, அதைத் தட்டும்போது அதன் பக்கத்துப் பெட்டித் தகடு. ஒரு மாதம் என்று சொன்ன வேலை பருவம் தாண்டியது. பழைய காரில் நோட்டில் ஏறாத செலவு இதுதான், காத்திருப்பது. தகடு வரவேண்டும், அதைப் பொருத்தத் தெரிந்த கை ஓய்வாக இருக்கவேண்டும். அந்தக் கைகள் வேறு ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கின்றன.

மூன்று பத்தி, ஒரு கூட்டல்

கூட்டிப் பார்த்தால், வயது மற்ற இரண்டையும் சேர்த்தாலும் மிஞ்சுகிறது. இரண்டாம் இடம் ஆசைக்கு. வண்டி நிறத்திலேயே பெயின்ட் அடித்த பழைய வீல் கப், அந்தக் காலத்து பெக்கர் ரேடியோ, இருக்கைக்கு அடியில் நொறுங்கிப்போன நார் மெத்தையைப் புதுப்பித்தது எல்லாம் அதில். (மெத்தை வயதுப் பத்தியில் வர வேண்டியது என்று நான் சொன்னேன். "ஓட்டுவதற்கு அது தேவைப்படவில்லையே" என்றார். கணக்காளரோடு வாதாட முடியாது.) வாங்கும்போது எல்லோரும் பயந்த எஞ்சின் வரும் ஓட்டம் என்ற பத்தி மிகச் சிறியது. ஆயில், ஃபில்டர், ஒரு க்ளோ பிளக், டாப்பெட் கவர் கேஸ்கெட். அவ்வளவே.

இதை முதலீடு என்று சொல்வோர் உண்டு. வண்டியின் விலை விழவில்லை என்பது நிஜம். ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் விலை சரியும் புது வண்டியோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் போட்ட காசு விற்கும்போது திரும்பாது. வாங்குகிறவர் வண்டிக்குக் காசு தருவார், பில்லுக்குத் தரமாட்டார். இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒன்று: சாதாரணப் பாலிசியில் இந்த வயது வண்டிக்கு மதிப்பே போடமாட்டார்கள். முன்கூட்டியே இருதரப்பும் ஒத்துக்கொண்ட மதிப்பில் எடுக்கும் பாலிசி கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும்.

இன்னொரு செலவை மறைக்கக் கூடாது. இந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, புகையை வடிகட்ட எதுவும் இல்லை. தன் காலத்தில் பாதுகாப்பான வண்டிதான். இன்றைய அளவுகோலில் இல்லை. உரிமையாளர் நெடுஞ்சாலையில் இரவு ஓட்டுவதில்லை, பேரக்குழந்தைகளை இதில் ஏற்றுவதும் இல்லை. உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவா 30 வயதைத் தாண்டி, பழைய நிலையிலேயே பேணப்பட்ட, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியைத்தான் வரலாற்று வாகனம் என்கிறது. ஜெர்மனி 1997இல் கொண்டுவந்த 'எச்' நம்பர் பிளேட்டுக்கும் 30 வயதுதான் வரம்பு; அது இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்களிலும் வண்டியை ஓட்ட விடுகிறார்கள். கொஞ்சமாக ஓடும் என்ற நம்பிக்கையில் கொடுத்த சலுகை அது.

அப்புறம் ஏன்?

நோட்டில் நான்காவது பத்தி இல்லை. கேட்டேன். "அதை எப்படிக் கூட்டுவது?" என்றார்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். டாப்பெட் செட் செய்யும் நாள். 24,000 கி.மீ.க்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை, எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். இந்த வண்டியின் பானெட் சாதாரண உயரத்தோடு நிற்காது. கொக்கியை விடுவித்தால் செங்குத்தாக வானத்தைப் பார்த்து நிற்கும். நின்றபடி வேலை செய்யலாம், தலை இடிக்காது. கவரைக் கழற்றியதும் கேம்ஷாஃப்டும் எட்டு வால்வுகளும் ஆயில் மின்ன வெட்டவெளிச்சமாகக் கிடக்கின்றன. கிராங்க் நட்டில் 27 எம்எம் சாக்கெட் போட்டு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும், முன்னோக்கி மட்டும். கேமின் மூக்கு மேலே பார்க்கும் வால்வில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருக வேண்டும்: இன்டேக்குக்கு 0.10 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.30. இரண்டு 14 எம்எம் ஸ்பேனரால் ஒன்றைப் பிடித்து ஒன்றைத் திருப்பி, கேஜை இழுத்துப் பார்க்க வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கினால் தளர்வு. பிடித்துக்கொண்டால் இறுக்கம். லேசாக, எண்ணெய்ப் பசையோடு இழுபட்டு வந்தால் சரி.

அந்த 'சரி' எப்படி இருக்கும் என்பதை மாஸ்டர் வாயால் சொல்லவில்லை. தான் செட் செய்த வால்வில் கேஜை விட்டு, உரிமையாளரை இழுக்கச் சொன்னார். அடுத்த வால்வை அவரே செட் செய்தார். மாஸ்டர் இழுத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் விடுங்க சார்" என்றார். ஐந்தாவது வால்வு வரும்போது மாஸ்டர் சரிபார்ப்பதை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வாழ்நாள் முழுக்க எண்களோடு கழித்த மனிதர் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை விரல்நுனியால் படித்துக்கொண்டிருந்தார். அன்று அவரிடம் பேச்சுக் கொடுக்கவே முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் போதும், அந்த நாள் எந்தப் பத்தியிலும் அடங்காது என்று தெரிந்தது.

அணையாத எஞ்சினைத் துரத்திப் போனதும் இதே வகைதான். கதவைப் பூட்டினால் எஞ்சின் நிற்கிறது என்பது முதலில் மூடநம்பிக்கை போல இருந்தது. குழாய் குழாயாகப் பிடித்துப் போனால் அதற்கு முழுக் காரணம் கிடைத்தது, கண்ணால் பார்க்கக் கிடைத்தது. இந்த வண்டியில் நடக்கும் எதற்கும் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு காரணம் உண்டு. செலவை உண்டாக்குகிற அதே குழாயும் கம்பியும் ரப்பரும்தான் அந்தச் சுகத்தையும் தருகின்றன. ஒன்றை வேண்டாம் என்று சொல்லி மற்றதை வாங்க முடியாது. ஓட்டும் சுகம் அதற்கு அடுத்துத்தான் என்பது என் எண்ணம்: பெரிய மெல்லிய ஸ்டியரிங், பானெட் முனையில் தெரியும் நட்சத்திரம், பள்ளத்தை மெத்தென்று விழுங்கிப் போகும் நடை, யாரையும் முந்த முடியாததால் வருகிற ஒரு நிதானம். உரிமையாளர் இந்த வரிசையை ஒத்துக்கொள்ளமாட்டார்.

இப்போதைய நிலை

இப்போது எஞ்சின் சாவி திருப்பியதும் நிற்கிறது. டயாஃப்ரங்கள் மூன்று கதவிலும் புதிது. ஒன்று போன பிறகு மற்றவையும் அதே வயதுதானே. முன் கண்ணாடி ரப்பர் மாற்றியாயிற்று. பின் கண்ணாடி ரப்பர் வந்து பெட்டியில் இருக்கிறது, மழைக்கு முன் போட வேண்டும். ஃபியூஸ்கள் அலுமினியத்திலிருந்து செம்புக்கு மாறிவிட்டன. அதற்கு முன்பெல்லாம் வைப்பர் நின்றால், ஃபியூஸை விரலால் இரண்டு சுற்று உருட்டிவிட்டால் ஓட ஆரம்பிக்கும்.

அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்று மிச்சம். வண்டியை அவர் மிகவும் கம்மியாக ஓட்டுகிறார். வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுகிறார், வண்டிக்கு நல்லது என்று. அது நல்லது இல்லை. சைலன்சரிலும் எஞ்சினிலும் ஈரம் படிந்து அங்கேயே தங்கிவிடும். பிரேக் பிஸ்டன் அசையாமல் இறுகும். பாதி காலியான டேங்கில் தண்ணீர் வியர்த்து டீசலில் பூஞ்சை வளரும். எஞ்சின் முழுச் சூடு ஏறும் வரை, பிரேக் நாலைந்து முறை நன்றாக வேலை செய்யும் வரை ரோட்டில் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடலாம். பிரேக் ஆயிலை மட்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அடுத்த வேலை ஸ்டியரிங் பாக்ஸ். நேரே போகும்போது பிளே, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் அசையும் தளர்வு, இருக்கிறது. மேலே உள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினால் குறையும். அதிகம் இறுக்கினால் திருப்பத்தில் பிடித்துக்கொண்டு தானாகத் திரும்பி வராது. ஆகவே மாஸ்டர் முதலில் சக்கரங்களைத் திருப்பும் டை ராடையும் அச்சுகளையும் பார்த்துவிட்டு, பிளே அங்கே இல்லை என்று தெரிந்த பிறகுதான் பாக்ஸில் கை வைப்பேன் என்கிறார்.